பரிமளாவின் வலது கை

எங்கள் திருக்கோகர்ணம் தெருவில் பொய் வராத வாய் என்றால் அது பரிமளாவுடையதுதான். "நேத்து வாங்குன கத்திரிக்கா நல்லாத்தான் இருந்துச்சு" என்று காய்க்காரரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் பேரம் பேசுகிற ஆள். அப்பேர்ப்பட்டவள் வெள்ளிக்கிழமைதோறும் புருஷனிடம் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். வாயால் அல்ல, வலது கையால்.

மகள் இலக்கியாவுக்கு ஆறு வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. முதுகும் இடுப்பும் சொன்னபடி கேட்காது; உட்கார வைத்துக் கையை விட்டால் வலப்பக்கம் சாய்ந்துவிடுவாள். துபாயில் வேலை பார்க்கும் புருஷன் பிரசாந்த் வாராவாரம் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வரும்போதெல்லாம், பரிமளா பின்னால் இருந்து வலது கையால் பிள்ளையின் விலாவைப் பிடித்துக்கொள்வாள். போனில் கை தெரியாது.

"பாப்பா தானா உக்காருதே! லீவுக்கு வந்ததும் பைக்ல முன்னாடி உக்கார வச்சுத் திருமயம் கோட்டைக்குப் போறோம்" என்பான் அவன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க இவளுக்கு மனசு வரவில்லை. அவன் வருவதற்குள் அது நிஜமாகிவிடாதா என்ற ஏக்கம் வேறு.

இந்த மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது தொடை எலும்பு இடுப்பு மூட்டிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது, இப்போதே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிடித்து உட்கார வைப்பதுகூடக் கஷ்டம் என்றார் டாக்டர். ஆபரேஷன் என்று மட்டும் போனில் கேட்டு, பிரசாந்த் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். பையில் ஒரு குட்டி ஹெல்மெட் இருந்தது.

வந்ததும் மகளைப் பாயில் உட்கார வைத்துக் கையை எடுத்தான். பரிமளா கத்துவதற்குள் பிள்ளை சாய்ந்து அவன் மடியில் விழுந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பார்க்க வந்திருந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏன் பரிமளா சொல்லல?"

"அங்க ஒத்தையில கெடக்குறீங்க. இதப் பாத்தாச்சும் சிரிக்கட்டுமேன்னுதான்..." என்று சொல்லி அழுதாள்.

திட்டப் போகிறான் என்று நினைத்தேன். அவனோ பிள்ளைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து விலாவைப் பிடித்தான். "இப்புடியா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டுப் பிடித்தவன், "நீ அங்கிட்டுப் போயி முன்னாடி உக்காரு" என்றான்.

போனாள். இலக்கியா நிமிர்ந்து அம்மாவை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தாள். பிள்ளையை உட்காரப் பழக்கும் பயிற்சி மையத்திலும் பின்னால் இருந்து பிடிப்பது பரிமளாதான். இத்தனை வருஷமாக, உட்கார்ந்திருக்கும் மகளின் பிடரியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"இங்க பாருங்களேன், எப்புடி உக்காந்துருக்கான்னு!" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவன் துபாயிலிருந்து வந்திருந்தான். எட்டிப் பார்த்தால் பிடி தளர்ந்துவிடும் என்று, மகளின் பிடரியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.