பீரோவுக்குள் ஒரு செல்ஃபோன்

பத்து நாளைக்கு முன் பக்கத்து வீட்டு தாமோதரன் கையில் செல்ஃபோனுடன் என் வாசலில் வந்து நின்றார்.

"செத்துப் போச்சு சார். காலைலதான் சார்ஜ் ஏத்தனேன். தொடவே இல்ல."

உத்திரமேரூரில் இப்போது பாதிப் பேர் கையில் செல்ஃபோன். தாமோதரனுடையது, மஸ்கட்டில் லாரி ஓட்டும் மகன் வாங்கிக் கொடுத்தது. மனைவி இறந்தபின் வீட்டில் அவரும் அந்த ஃபோனும்தான். 'நீ போடாத, காசு ஆவும், நானே போடறேன்' என்று சொல்லிவிட்டுப் போன மகனிடமிருந்து ரொம்ப நாளாக அழைப்பு இல்லை.

"அவன் போட்டுக்கினேதான் இருப்பான். இது செத்துக் கெடந்தா இன்னா பண்ணுவான்?"

நியாயமான கேள்வி.

பஜாரில் செல்ஃபோன் கடை வைத்திருக்கும் பாயிடம் போனோம். பேட்டரியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டு, ஒரு நாள் கடையிலேயே வைத்துக்கொண்டார். மறுநாள் போனால்... சார்ஜ் ஒரு கோடுகூட இறங்கவில்லை!

"நைனா, உங்க வூட்லதான் இன்னாவோ கீது," என்றார் பாய். "பேயி கீயி எதுனா கீதா?"

"நான் ஒருத்தன்தான் கீறேன்," என்றார் தாமோதரன்.

வீட்டில் ஃபோனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கூட்டிப் போய், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். இரும்பு பீரோ. நிலப் பத்திரம், மனைவியின் கம்மல், ஒரு பட்டுப் புடவை — அவற்றின் நடுவில்தான் ஃபோனுக்கு இடம். விலை உயர்ந்த பொருளை வேறு எங்கே வைப்பார்கள்?

எங்கள் தெருவில் வெளியிலேயே சிக்னல் தடுமாறும். இரும்புக்குள் கேட்கவா வேண்டும்? டவர் கிடைக்காத ஃபோன் சும்மா இருக்காது. தேடிக்கொண்டே இருக்கும் — சார்ஜ் தீரும்வரை.

ஜன்னல் ஓரம் வைக்கச் சொன்னேன். நாலு நாள் சார்ஜ் நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அந்த நாலு நாளில் ஃபோன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

நேற்றுப் பார்த்தேன். ஜன்னலில் ஃபோன் இல்லை.

"மறுபடியும் பீரோவுலயா? ஏங்க?"

தாமோதரன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வெளில வச்சா பேட்டரி எறங்கவே மாட்டேன்து சார்."

கோளாறு எதில் என்று கண்டுபிடித்த நான், அது யாருக்கு வேண்டியிருந்தது என்று யோசிக்கவில்லை.