லாரித் தண்ணீர்

லாரியில் வருவது உப்புத் தண்ணீர் என்று லாரிக்காரர் கேம்ப் சமையல்காரரிடம் சொன்னாராம். ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் வேன் டிரைவர் அந்தப் பேச்சை எடுத்துவிட்டார்.

“டீயே கரிக்குதாம் சார். பழைய கிணறு வத்திப்போய் வேற எங்கயோ பிடிக்கிறாங்களாம்.”

“அப்ப சமையலுக்கு உப்புச் செலவு மிச்சம்” என்றது பின்சீட்டு. வேனே சிரித்தது. சேற்றுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

எண்ணெய்க் கிணறு துளையிடும் இடத்தில் அதே லாரித் தண்ணீரில் களிமண் கலக்குவது அவர் வேலை. நல்ல தண்ணீரில் அந்த மண் ஊறி, உப்பி, வழவழவென்றாகும். துளைக்குள் சுற்றிவந்து கல்தூளைத் தூக்கி வருவதும், கீழிருந்து முட்டும் வாயுவைத் தன் கனத்தால் அமுக்கிப் பிடிப்பதும் அந்தச் சேறுதான்.

காலையிலிருந்தே சேறு இறுகிக்கொண்டே வந்தது. மண் கூடிவிட்டது என்று நினைத்தார். உப்புச் சோதனை செய்திருக்கலாம். நாளைக்கு ஆகட்டும் என்று விட்டார். இறுகினால் தண்ணீர் விட்டு இளக்குவது கைப்பழக்கம். அடுத்த ஷிப்டில் தொட்டியைப் பார்க்க வந்த மைத்துனனிடமும் அதையே சொன்னார்.

“கெட்டியானா தண்ணி விட்டுக்கிட்டே இரு மாப்ள.”

“அக்கா சமையலுக்கும் இதே வைத்தியம்தானே மாமா” என்றான் அவன்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது பார்த்தார். கைமடிப்பில் காய்ந்த சேற்றின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. நுனிநாக்கில் தொட்டார். கரித்தது.

உப்புப் பட்டால் களிமண் முதலில் திரண்டு, இறுகினதுபோல் ஏமாற்றும். மேலும் ஏறினால் தாங்கும் பலம் போய்விடும். கனத்துக்காகச் சேர்த்த பொடி அடியில் படியும். மேலே நிற்கும் சேறு கனமிழக்கும். அப்புறம் வாயுவை அமுக்க ஆளில்லை; பீறிட்டு வந்து தீப்பிடிக்கும். தண்ணீர் என்று சொல்லி உப்பையே ஊற்ற வைத்திருக்கிறார். அந்தத் துளைக்குப் பக்கத்தில்தான் மைத்துனன் நிற்கிறான்.

எண்ணெய்க் கிணற்று ஆபீசுக்கு போன் அடித்தார். லைன் பிஸி. மைத்துனனுக்கு அடித்தார்.

“தம்பிக்கா?” மனைவி கரண்டியோடு வந்தாள். “வாரக் கடைசியில வரானான்னு கேளுங்க.”

“எடுக்கல. வேலையா இருப்பான்.”

“அதுக்கு ஏன் சட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?”

மறுபடி அடித்தார். அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் தோளை ஒட்டி நின்று காது கொடுத்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது.