கண்ணாடியக்கா போட்ட கொக்கி

தெருவில் எல்லாருக்கும் அவள் கண்ணாடியக்காதான். வைரமுனைக் கத்தியால் ஒரு கோடு, விளிம்பில் ஒரு தட்டு, கண்ணாடி சொன்னபடி கேட்கும். குண்டு விமானங்கள் வரத் தொடங்கியதிலிருந்து அவள் கைக்கு ஓய்வில்லை. சைரன் கேட்டதும் ஜன்னலை இறுக்கிச் சாத்தியவர்களை வீடு வீடாகப் போய்த் திட்டினாள்.

"திறந்து போட்டுட்டு ஓடுங்கப்பா. சாத்தின கண்ணாடிதான் அதிர்வுல நொறுங்கும்."

அவள் வீட்டிலோ ஒரு சண்டை ஓயவில்லை. முன்னறை ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடலாம் என்றார் கணவர். மின்சாரம் போய் இரண்டு மாதம். அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் மகள் கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பலகை அடிச்சா பட்டப்பகல்லயே இருட்டு. குண்டு போடறவன் வேலைய நாம எதுக்குச் செஞ்சு குடுக்கணும்?" என்பாள் கண்ணாடியக்கா.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. மகளின் புத்தகங்களில் சாரல் தெறிக்கிறதே என்று அக்கா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். பத்தே நிமிடத்தில் சைரன். மூவரும் பதுங்குகுழிக்குள் குதித்தார்கள். அடுத்த தெருவில் குண்டு விழுந்து தலையில் மண் உதிர்ந்தபோதுதான் அவளுக்குக் கொக்கி ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தால் மேசை முழுக்கச் சில்லு. மாற்றிப் போட முழுக் கண்ணாடித் தகடு ஒன்றுகூடக் கையில் இல்லை. கணவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஊருக்கே பாடம் எடுத்த மகராசி, சொந்த வீட்டுக் கொக்கிய மறந்துட்டா."

"மறக்கல. நல்லா இறுக்கித்தான் போட்டேன். அந்தப் பலகைய இப்படிக் குடுங்க."

ஜெயித்துவிட்ட சிரிப்போடு நீட்டினார். அவள் அதை நீளவாக்கில் மெல்லிய சட்டங்களாக அறுக்கச் சொன்னாள். சிரிப்பு அங்கேயே நின்றது. பட்டறை மேசைக்கு அடியிலிருந்து ஊர் ஜன்னல்களில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை அள்ளிப் பரப்பினாள்.

கண்ணாடி பதிக்கும் பசையைப் பிசைந்துகொண்டிருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்துத் தெருவே விழுந்து கெடக்கு. நான் பரீட்சைக்குப் படிக்கிறது சரியாம்மா?"

"பாஸ் பண்ணிட்டு யோசி. பசையில எண்ணெய் கூடிப்போச்சு பாரு."

பொழுது சாய்வதற்குள் முப்பத்திரண்டு துண்டுகளும் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒன்று பச்சை, இரண்டு குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடி.

மறுநாள் மதியம் மறுபடி சைரன். வாசல்வரை ஓடிய கணவர் திரும்பி வந்து, கொக்கியைத் தட்டிவிட்டு ஜன்னலை விரியத் திறந்தார்.

"இன்னொரு பலகை அறுக்க என்னால ஆகாதுடி."

பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்ததும் அவள் முதலில் எண்ணியது துண்டுகளைத்தான். முப்பத்திரண்டும் இருந்தன. மகள் விட்ட வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தாள்.