பூந்தமல்லி முதல் கிருஷ்ணகிரி வரை: ஆக்சிலேட்டர் பூட்டோடு ஒரு புல்லட் பயணம்

புது வண்டி வாங்கிய இளைஞர்கள் எனக்கே பாடம் எடுக்கிறார்கள். "சார், குரூஸ் கண்ட்ரோல் இப்பதான் பைக்குக்கு வந்திருக்கு" என்கிறார்கள். வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கிற அந்தச் சங்கதி, தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அம்பத்தூர் பக்கத்து மேனாம்பேட்டில் என் புல்லட்டில் இருந்தது. நானே செய்தது. அப்போதும் யாரும் மதிக்கவில்லை, இப்போதும் மதிக்கப் போவதில்லை. இருந்தாலும், நெடுஞ்சாலையில் நாள் முழுக்க வண்டி ஓட்டக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு பிட்டர் வேலை. வலது மணிக்கட்டு ஒருமுறை உடைந்தது. எலும்பு கூடிய பிறகும் பழைய பிடி வரவில்லை. ஆக்சிலேட்டரை அரைமணி நேரம் முறுக்கிப் பிடித்தால் விரல்கள் மரத்துவிடும், இறங்கிய பிறகும் கை நடுங்கும். மகளைக் கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளைப் பார்க்கப் புல்லட்டில்தான் போவேன். வீட்டில் எல்லாரும் "பஸ்ஸில் போ" என்றார்கள். என் மனைவியின் தம்பி அதற்கும் ஒரு படி மேலே போய், பருத்திப்பட்டிலிருந்து வண்டி வாங்க ஒருவரையே கூட்டி வந்துவிட்டான்.

"இன்னா மாமே, தண்ணி டம்ளர் புட்சாலே ததும்புது. இந்தக் கைய வெச்சிகினு உனக்கு புல்லட்டு ஒரு கேடா? குட்த்துட்டு பஸ்ல போ."

"இந்த வாரம் கிருஷ்ணகிரி போய்ட்டு ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரேன்டா. எறங்கினதும் டம்ளர ரொப்பிக் குடு. ஒரு சொட்டு சிந்தினா சாவிய எடுத்துக்கோ."

"சோக்கா சொன்ன! அண்ணாத்தே, நீங்கதான் சாட்சி" என்றான் வாங்க வந்தவரிடம்.

அந்த வாரமே ஆக்சிலேட்டருக்கு ஒரு பூட்டைச் செய்து முடித்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டர் பிடியைச் சுற்றி ஒரு பித்தளை வளையம். அதில் ஒரு வாய் பிளந்திருக்கும். ஒரு முனை பிரேக் நெம்புகோலின் அடிக்கட்டையில் கொக்கி போட்டு நிற்கும். வாயை நெருக்க, கட்டைவிரலால் திருகும், இரண்டு காது வைத்த விங் நட் ஒன்று. திருகினால் பிடி அப்படியே நிற்கும், வேகம் மாறாது; கையால் அழுத்தித் திருப்பினால் விட்டுவிடும். எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் செய்ததல்ல.

தை மாதம், சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி வரை பன்னிரண்டு கிலோமீட்டர், அங்கே ஒரு டீ. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி லாரிகள் குறைந்ததும், அறுபதில் வைத்துத் திருகினேன்.

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல? கை பிடியின் மேல் சும்மா கிடக்கிறது, வண்டி தானாகப் போகிறது. இன்ஜின் ஒரே தாளத்தில் அடிக்க, புளியமரங்கள் ஒரே சீராகப் பின்னால் போயின. உடைந்த நாளிலிருந்து அந்த மணிக்கட்டுக்கு அன்றுதான் ஓய்வு கிடைத்தது. மேட்டில் ஐம்பத்தைந்துக்கு இறங்கும், பள்ளத்தில் அறுபத்தைந்துக்கு ஏறும். இன்றைய எலக்ட்ரானிக் சமாச்சாரம் அதையும் சரிசெய்துவிடும். பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்பூருக்கு எட்டே முக்கால். இரண்டு தோசை, ஒரு காபி, ஏழு ரூபாய். பூந்தமல்லியிலிருந்து நூற்று எழுபது கிலோமீட்டர் வந்தும் காபி டம்ளர் கையில் ஆடவில்லை.

பர்கூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. திரும்பினால், சாலையின் குறுக்கே கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். போகிற லாரிச் சக்கரமே கதிரடித்துக் கொடுத்துவிடும். நடுவில் ஒரு அம்மாள் முறத்தோடு நிற்கிறாள். நான் ஆக்சிலேட்டரைத் திருப்பினேன். அசையவில்லை! நட்டு முடுக்கும் எந்த பிட்டரும் கடைசியில் இன்னொரு கால் சுற்று கொடுப்பார். அது எங்கள் தொழில் பழக்கம். வழியில் எங்கேயோ என் விரலும் அந்தக் கால் சுற்றைக் கொடுத்திருந்தது.

கிளச்சைப் பிடித்துப் பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் ஊரே அதிர அலறியது. பின்சக்கரம் கொள்ளில் வழுக்க, வண்டி அந்த அம்மாளுக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் ஓரக் குவியலில் போய் முட்டி நின்றது. சாவியைத் திருகி அணைத்தேன்.

அந்த அம்மாள் நகரவே இல்லை. வண்டியின் பின்னால் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோ சத்தம் போட்டியே, ரெண்டு படி கொள்ளுகூட உதிரலையே. லாரிக்காரன் சத்தமில்லாம மூட்ட கணக்குல மிதிச்சிட்டுப் போறான்."

"பூட்டு மாட்டிக்கிச்சும்மா."

"வண்டிக்கு எதுக்குய்யா பூட்டு? ஓடும்போதா பூட்டுவாங்க?"

ஓரமாக உட்கார்ந்து வளையத்தைக் கழற்றினேன். பஞ்சர் ஒட்டுவதற்கு வைத்திருந்த பழைய டியூபில் ஒரு துண்டை வெட்டி, வளையத்துக்கும் பிடிக்கும் இடையில் கொடுத்தேன். வளையத்தின் வாய்க்கு இடையில் இன்னொரு நட்டைப் போட்டு, அந்தக் கால் சுற்று ஏறவே முடியாதபடி தடுத்தேன். இப்போது பிடி தானாக நின்றது, கையால் திருப்பினால் உடனே விட்டது. பத்துமுறை சோதித்துவிட்டுத்தான் கிளம்பினேன். "பாத்துப் போ, வழியில இன்னும் நாலு களம் இருக்கு" என்றாள் அந்த அம்மாள். நாலிலும் பூட்டு சொன்னபடி விட்டது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேனாம்பேடு திரும்பினேன். மச்சானும் வண்டி வாங்க வந்த பருத்திப்பட்டுக்காரரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். மச்சான் வேண்டுமென்றே டம்ளரை விளிம்பு வரை நிரப்பி நீட்டினான். வலது கையால் வாங்கினேன். வாசலைக் கடந்து போய்ப் பருத்திப்பட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

"தாகமா இருப்பீங்க. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

தரையில் ஒரு சொட்டு இல்லை. அவர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது போகிறவர்களுக்கு: எந்த விலை கொடுத்து வாங்கிய குரூஸ் கண்ட்ரோலாக இருந்தாலும், முதலில் அது எப்படி விடுகிறது என்று பாருங்கள், எப்படிப் பிடிக்கிறது என்பது அப்புறம். ஊருக்குள்ளும், மழையிலும், வளைவுக்கு முன்னாலும் போடாதீர்கள். கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். நீங்களே செய்வதாக இருந்தால் ரப்பர் துண்டையும் தடுப்பு நட்டையும் மறக்காதீர்கள்.

மறுநாள் மச்சான் வந்தான். "மாமே, என் வண்டிக்கும் அது மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்."

எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அவனுக்கு மட்டும் இன்றுவரை இல்லை. பஸ்ஸில் போகட்டும்.