வாசலைப் பார்த்த ஸ்பீக்கர்கள்

மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் என் எதிர்வீட்டில் இருந்த மனிதருக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, காது மடலெல்லாம் நரைமுடியோடு, சொல்லாமல் கொள்ளாமல் இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு வருவார்.

என் வீட்டு முன்னறையில், பழைய சாமான் சந்தையில் மலிவாக வாங்கிய ஒரு ஸ்பீக்கர் ஜோடி இருந்தது. இற்றுப்போன ஓரப் பஞ்சைப் பிய்த்தெடுத்துப் புதிது ஒட்டி, பாட்டு என் நாற்காலிக்கு நேராக வரும்படி அங்குலம் அங்குலமாக நகர்த்தி வைத்திருந்தேன். அவர் வந்ததும் இரண்டையும் வாசல் பக்கம் திருப்பிவிட்டு, தன் வீட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே கூத்து.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, நான் உக்காந்து கேக்கத்தானே இப்படி வச்சிருக்கேன்லா!" என்றேன்.

"தோட்டத்து லயத்துல ரேடியோ வாங்குனா வாசலப் பாத்துத்தான் வைப்போம்லா. நீ ஒருத்தன் கேக்கவா இவ்ளோ பெரிய பொட்டி?" என்றார், திருப்பிக்கொண்டே.

போன மாதம் மகளோடு ஆயர் தாவாருக்குக் குடிபோய்விட்டார். அப்பாடா என்று ஸ்பீக்கர்களை என் நாற்காலிப் பக்கம் திருப்பினேன். அடுத்த ஞாயிறு, பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா வேலியோரம் நின்று, "ரேடியோ ரோசாக் கா?" என்று மலாயில் விசாரித்தார். பழுதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே ஒரு ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பினேன். ஒன்றை மட்டும்தான்.