பின்பெட்டியில் ஏறினால் ஃப்ராய்டன்ஸ்டாட் வராது

மூத்த மகளின் கலியாணத்துக்குக் கிருபா அண்ணைக்கு வாட்ஸப்பில் கார்ட் அனுப்பியதுதான் நான் விட்ட பிழை. வீட்டுக்கு வந்து சொல்லாத கலியாணத்துக்கு யார் வருவார்கள்? நாலு வருடமாகப் பேச்சில்லை. இப்போது இளையவளுக்குச் சரிவந்திருக்கிறது. போன சனிக்கிழமை கார்டும் கையுமாக ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறப்பட்டேன்.

அண்ணையும் அவர் மனைவியும் (எனக்கு அக்கா) இருப்பது கறுப்புக்காட்டில், ஃப்ராய்டன்ஸ்டாட்டில். நேர்வழி ரயில் உண்டு. ஆனால் இளந்தாரிகளாக நாங்கள் ஒரே அறையில் இருந்த கார்ல்ஸ்ரூஹ வழியாகப் போக எனக்கு ஆசை. அங்கே நகர டிராமே ரயில் பாதையில் ஏறி மலைக்குப் போகும். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. மாதம் 63 யூரோ டொச்லாண்ட் டிக்கெட் இருந்தால் வேறு செலவில்லை.

காலை 10.10 வண்டி. இரண்டு டிராம்களைக் கொளுவி ஒன்றாக விட்டிருந்தார்கள். (சண்டை பிடிப்பதையும் நாங்கள் கொளுவுவது என்றுதான் சொல்வோம். அண்ணையோடு நடந்தது இரண்டாவது வகை.) கால் தன்பாட்டில் பின்பெட்டிக்குப் போனது. அந்தக் காலத்தில் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு இருவரும் பின்பெட்டியில்தான் ஏறுவோம். சனம் குறைவு, சத்தமாகத் தமிழ் கதைக்கலாம். இருந்த ஒரேயொரு தடித்த ஜக்கெட்டை முறை வைத்துப் போட்டோம். அந்த நாட்கள் எனக்கு இன்னும் இனிக்கின்றன.

பாதிவழியில், ஒரு சின்ன நிலையத்தில், 'டக்' என்று ஒரு சத்தம். ஜன்னலால் பார்த்தால் முன்டிராம் தனியாகப் போகிறது! மேலே பயணிகள் குறைவு என்று எங்கள் டிராமைக் கழற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் சொல்லித்தான் இருப்பார்கள், நான் பழைய நினைப்பில் இருந்துவிட்டேன். அடுத்த வண்டிக்கு ஒரு மணித்தியாலம். வெட்கத்தை விட்டு அண்ணைக்கு போன் எடுத்தேன்.

"அண்ணை, நான் நேசன். உங்களிட்டத்தான் வந்தனான். டிராமைக் கழட்டிப்போட்டாங்கள்."

"பின்பெட்டியிலயோ ஏறினனீ?"

"ஓம்." நிலையத்தின் பெயரையும் சொன்னேன்.

"அங்கயே நில். வாறன்."

காத்திருந்த நாற்பது நிமிடத்தில் உங்களுக்காகக் குறித்தது: ஒவ்வொரு டிராமின் நெற்றியிலும் பக்கத்திலும் அது போகும் ஊர் எழுதியிருக்கும், நீங்கள் ஏறும் டிராமில் இருப்பதையே வாசியுங்கள். எங்கே பிரிப்பார்கள் என்பது நேரத்துக்கு நேரம் மாறும், சாரதியிடம் கேளுங்கள். கடை எதுவும் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள்.

அண்ணை காரை நிறுத்தி இறங்கினார். தலை நரைத்துவிட்டது. கார்டை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

"இஞ்ச வைச்சு வேண்ட ஏலாது. அக்கா சமைச்சுப்போட்டு நிக்கிறா. வீட்டை வந்து முறையாச் சொல்லு."