தலையை உதறும் நாய்கள்

கால்நடை மருத்துவத்தில் நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. கூட வந்தவர் வலிக்காத இடத்தையெல்லாம் சொல்லுவார். அதிலும் காது வலி இருக்கிறதே, நாய் வளர்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையை உதறும், பிறாண்டும், தொட்டால் உறுமும். ஏன் என்று மட்டும் தெரியாது. காரிமங்கலத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் எனக்கும் பல நாள் அதே பாடுதான்.

தடியோடு கிளம்பியவர்கள்

மாதம்மாள் கம்பைநல்லூர் பக்கம் செம்மறி மேய்ப்பவர். ஒரு நாள் தன் நாய் கருவாயனைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறதாம், தொட்டால் கடிக்க வருகிறதாம். ஊரே வெறி என்று முடிவுகட்டி, நாலைந்து பேர் தடியோடு கிளம்பிவிட்டார்கள். “கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா, இது இல்லன்னா நான் தனியா காட்டுக்குப் போவ முடியாதுங்க” என்று அழுதார்.

எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் வெறிநாய்த் தடுப்பூசி தவறாமல் போட்ட நாய் அது. வலது காதை மட்டும் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. கையுறை மாட்டி, மயக்க ஊசி போட்டு உள்ளே பார்த்தேன். மேய்ச்சல் காட்டு ஊசிப்புல்லின் முள் ஒன்று ஆழத்தில் குத்தி நின்றது. இடுக்கியால் எடுத்தேன். மயக்கம் தெளிந்த கருவாயன் தள்ளாடிப் போய் மாதம்மாள் மடியில் முகம் வைத்துக்கொண்டது. ஊராருக்குக் காட்ட அந்த முள்ளைத் தாளில் மடித்து இடுப்பில் செருகியபடி அவர் சொன்னார்: “வெறி புடிச்சது நாய்க்கில்லீங்க, எங்க ஊருக்குத்தான்.”

பரிசல்காரரின் கோபம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் முனுசாமி, நாயை இழுத்துக்கொண்டு உள்ளே வரும்போதே கோபமாக வந்தார். “கூப்புட்டா வர மாட்டேங்குது மேடம், திமிரு ஏறிப்போச்சு.” பரிசலிலிருந்து தினமும் ஆற்றில் குதிக்கும் நாய், தொங்கு காது வேறு. மடலைத் தூக்கினேன். ஈரம் தங்கித் தங்கி, உள்ளே பூஞ்சை பிடித்து, நாற்றத்தோடு அழுக்கு அடைத்துக் கிடந்தது.

சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்து, நாய் ஆற்றில் குதித்து வந்ததும் காதைத் துணியால் துடைக்கச் சொன்னேன். சில வாரம் கழித்து, வாழையிலையில் கட்டிய பொரித்த மீனோடு வந்து நின்றார். பின்னாலேயே நாய். அவருக்குக் கோபம் போய் முகம் வாடியிருந்தது. “எம்பேச்சைக் கேக்கலைன்னு திட்டுனேங்க, பாவம், அதுக்குக் கேக்கவே இல்ல.”

என் கையும் ஒரு கடியும்

கறிக்கடை பாஷா பாய் வளர்க்கும் நாய் சுல்தானுக்குக் காது முழுக்க உண்ணி. வாய்க்கட்டு எதற்கு என்று அசட்டையாக இருந்துவிட்டேன். ஒன்றைப் பிடுங்கியதும் சுல்தான் என் கையைப் பிடுங்கியது. பாய் பதறிப்போனார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து, அவரே பைக்கில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஊசி போடும்வரை வாசலில் நின்றார். மற்ற தவணைகளுக்கும் ஞாபகமாக வந்து அழைத்துப்போனார். சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்வானா தெரியாது.

காயம் ஆறிய பிறகு, மீதி உண்ணிக்கு மருந்து போட சுல்தானைக் கொண்டுவந்தார். இந்த முறை வாய்க்கட்டு போட்டுத்தான் தொட்டேன். வேலை முடிந்து அவிழ்த்ததும், அது மெல்ல வந்து தழும்பு இருந்த கையையே நக்கியது. பாய் சிரித்துவிட்டார். “உங்ககிட்ட மன்னிப்பு கேக்குது டாக்டரம்மா, என்னையும் ரெண்டு தடவ கடிச்சிருக்குது, எங்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லீங்க.”

நாய்க் காதுக்கு மருந்து ஊற்றுவதுதான் என் தொழில் என்றாலும், நல்ல வார்த்தை கேட்டுக் கேட்டுக் குளிர்ந்ததென்னவோ என் காதுதான்.